கடலூர், புதுச்சேரி பக்கம் பாத்ரூம், பூஜை ரூம், ஸ்டோர் ரூம் சுவர் பெயின்ட் பொரியாம இருக்க என்ன செய்யணும்: முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சே, புதுச்சேரில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, கடலூர்ல தென்பெண்ணை ஊருக்குள்ள வந்து நின்னுச்சு, அந்த வருஷம் மழையெல்லாம் விட்டு மார்கழி பாதியில நான் ஒரு வேலை பண்ணேன். போகி வருது, வீட்டை வெள்ளையடிக்கணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, சரின்னு மாடிப்படிக்கு கீழ இருக்கிற ஸ்டோர் ரூம், அதை ஒட்டுன சின்ன பூஜை ரூம், ரெண்டுத்துக்கும் நல்ல பளபளப்பான, தண்ணியே ஒட்டாதுன்னு கடையில சொன்ன பெயின்ட்டா பார்த்து வாங்கி அடிச்சேன். பொங்கலுக்கு வந்தவங்க எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குன்னாங்க. பங்குனி வந்துச்சு, சாமி படத்துக்கு கீழ உள்ளங்கை அகலத்துக்கு கொப்புளம். கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்துனேன், அப்பளம் நொறுங்குற மாதிரி சத்தம், பெயின்ட் தோல் உடைஞ்சு உள்ளேர்ந்து மாவு மாதிரி வெள்ளையா கொட்டுச்சு.

பக்கத்து தெருவுல இருக்கிற வயசான மேஸ்திரியை கூட்டிட்டு வந்து காட்டுனேன். அவரு அந்த பொடியை சுண்டு விரல்ல தொட்டு நாக்கு நுனியில வச்சாரு, துப்புனாரு. "கரிக்குது தம்பி. இது பெயின்ட் கம்ப்ளெயின்ட் இல்ல, உப்பு."

அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம்தான் நான் இந்த விஷயத்தை ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன், சொந்த வீட்லயே செஞ்சும் பார்த்தேன். நெட்ல இருக்கிற வழிகாட்டி முக்காவாசி குளிர் நாட்டுக்காரங்க எழுதுனது, ஜன்னலை திறந்து வை, ஹீட்டர் போடுன்னு இருக்கும், நம்ம ஊருக்கு அது பாதி பொருந்தாது. அதனால கடலோரத்துல இருக்கிறவங்களுக்குன்னு எழுதுறேன். (மேஸ்திரி மாதிரி நாக்குல வைக்காதீங்க, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். வேற டெஸ்ட் கீழ சொல்றேன்.)

உப்பு ஜாடி கணக்கு

ஐப்பசி கார்த்திகையில சமையக்கட்டு உப்பு ஜாடியை பாத்திருப்பீங்க, கல் உப்பு நசநசன்னு தண்ணி விட்டு நிக்கும், யாரும் அதுல தண்ணி ஊத்தல. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா சாப்பாட்டு உப்பு காத்துலேர்ந்தே தண்ணியை இழுத்து கரைஞ்சிடும், அதுக்கு கீழ இறங்குனா மறுபடி கல்லா உறையும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்து இருக்கிறதால அது இன்னும் சீக்கிரமாவே இழுக்க ஆரம்பிச்சிடும். இப்ப அந்த ஜாடியை சுவருக்குள்ள வச்சு பாருங்க. ராத்திரி காத்து ஈரமாகும், சுவருக்குள்ள உப்பு கரையும், மத்தியானம் காயும்போது மறுபடி உறையும், உறையும்போது அந்த உப்புக்கல்லு பெருகி பெயின்ட்டை பின்னாடியிலேர்ந்து தள்ளும். தினம் தினம் இதே வேலை. வெளிய வழி இல்லாத மாதிரி மேல ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி பெயின்ட் இருந்தா அது கொப்புளமாகாம என்ன ஆகும்.

உப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா நாலு பக்கமும் கைகாட்டலாம், கடல் காத்து, வீடு கட்டும்போது போட்ட மணல், கலவைக்கும் கியூரிங்குக்கும் ஊத்துன போர் தண்ணி, தரையிலேர்ந்து மேல ஏறுற ஈரம். பெரிய ஹால்ல இதே உப்பு இருந்தாலும் காத்தோட்டம் இருக்கிறதால பெருசா தெரியாது. அஞ்சுக்கு ஏழு பாத்ரூம், படிக்கு கீழ இருக்கிற பொந்து, பரண், சுவத்துல பதிச்ச அலமாரி, இந்த மாதிரி அடைச்ச இடத்துலதான் ஈரம் வெளிய போகாம நின்னு வேலையை காட்டும்.

மொதல் வேலை: ஓதம் எந்த பக்கத்துலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது

இதை விட்டுட்டு நேரா பெயின்ட் கடைக்கு போனா நான் பட்ட பாடுதான். வர்ற வழி நாலே நாலுதான்: பைப் கசிவு, தரையிலேர்ந்து ஏறுறது, வெளி சுவர்ல மழை அடிச்சு உள்ள வர்றது, காத்துல இருக்கிற ஈரம். ஒரே சுவர்ல ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம், அதான் சிக்கல்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை சந்தேகப்படுற இடத்துல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டிடுங்க. குறைஞ்சது 16 மணி நேரம், முடிஞ்சா ஒரு முழு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவரை பார்த்த பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ளேர்ந்து வருது. மேல்பக்கம் மட்டும் வேர்த்திருந்தா அது ரூம் காத்துல இருக்கிற ஈரம். பைசா செலவில்லாத டெஸ்ட், ஆனா டேப் ஈர சுவர்ல நிக்கவே நிக்காது, சுத்தி ஒரு இன்ச் பெயின்ட்டை சுரண்டி துடைச்சிட்டு ஒட்டுங்க.

பைப் கசிவுக்கு ராத்திரி படுக்கும்போது எல்லா தண்ணி குழாயையும் மூடிட்டு ஓவர்ஹெட் டேங்க்ல தண்ணி மட்டத்துல ஒரு கோடு போடுங்க, மோட்டாரை யாரும் போடக்கூடாது, காலையில கோடு கீழ இறங்கியிருந்தா எங்கயோ ஒழுகுது. டேங்கே ஒழுகுதா பைப் ஒழுகுதான்னு பிரிக்க அடுத்த நாள் ராத்திரி டேங்க் அடியில இருக்கிற வால்வை மூடிட்டு மறுபடி பாருங்க.

தரையிலேர்ந்து ஏறுற ஓதம் அடையாளம் சுலபம், சுவத்துல கீழேர்ந்து ரெண்டு மூணு அடி வரைக்கும் அலை அலையா ஒரு கறை, அதோட மேல் விளிம்புல வெள்ளையா பூத்து நிக்கும். மழைனால வர்றது நம்ம பக்கம் பெரும்பாலும் கிழக்கு, வடக்கு சுவர்ல, ஏன்னா வடகிழக்கு பருவமழை அந்தப் பக்கத்துலேர்ந்துதான் சாய்ச்சு அடிக்குது. கார்த்திகையில ஈரமா இருந்து சித்திரையில காஞ்சு போனா மழைன்னு வச்சுக்கலாம், சித்திரையிலயும் நசநசன்னு இருந்தா பைப்போ தரையோ.

வெள்ளையா பூக்குறது எல்லாமே கடல் உப்பு இல்ல, சிமெண்ட்லேர்ந்து வர்ற சுண்ணாம்பும் அப்படியே இருக்கும். கொஞ்சம் பொடியை கரண்டியில எடுத்து தண்ணி விடுங்க, சட்டுனு கரைஞ்சா உப்பு. கரையாம நின்னு, ரெண்டு சொட்டு வினிகர் விட்டதும் பொங்குனா சுண்ணாம்பு, அதுக்கு ரொம்ப பயப்பட வேண்டாம், தேய்ச்சு எடுத்தா போச்சு.

ரெண்டாவது: தண்ணியை நிறுத்துறது

பைப்புன்னா பிளம்பர், அதுல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. வெளி சுவர்ல விரிசலை வி மாதிரி கொஞ்சம் அகலமா வெட்டி, நீக்குப்போக்கா இருக்கிற அக்ரிலிக் கிராக் ஃபில்லர் போட்டு அடைங்க, வெறும் சிமெண்ட் போட்டா அடுத்த வெயில்லயே மறுபடி பொளக்கும். சன்ஷேடுக்கு அடியில தண்ணி சொட்டி விழற மாதிரி ஒரு காடி இருக்கணும், நிறைய வீட்ல பூசும்போது அதை மூடிடுறாங்க, தண்ணி சன்ஷேடு அடி வழியா ஊர்ந்து வந்து நேரா பாத்ரூம் வென்டிலேட்டர் ஓரத்துல உள்ள இறங்கும். வெளிய சுவரை ஒட்டி செடி வச்சு தினம் தண்ணி ஊத்துறவங்க தயவுசெஞ்சு ஒரு ரெண்டு அடி தள்ளி வைங்க (எங்க அம்மாவோட செம்பருத்தியை நகர்த்த எனக்கு ஆறு மாசம் ஆச்சு, அது தனி கதை).

பாத்ரூம் விஷயம்தான் பெருசு. தரைக்கு கீழ பள்ளமா விட்ட ஸ்லாப்ல செங்கல் ஜல்லி போட்டு ரொப்பி இருப்பாங்க, டைல்ஸ் இடுக்கு வழியா இறங்குற தண்ணி அந்த ஜல்லிக்குள்ள குளம் மாதிரி நின்னுடும், அது வெளிய போற வழி பாத்ரூமுக்கு வெளிப்பக்கம் இருக்கிற பெட்ரூம் சுவர். பெட்ரூம்ல பீரோ பின்னாடி பெயின்ட் உரியுதுன்னு அங்கயே மாத்தி மாத்தி அடிச்சிட்டு இருப்போம். டைல்ஸ் ஆடாம இடுக்கு மட்டும் விட்டுப்போயிருந்தா பழைய கிரௌட்டை (டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கலவை) ஒரு கூர் கத்தியால ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆழத்துக்கு சுரண்டி எடுத்துட்டு எபாக்சி கிரௌட் போட்டாலே முக்காவாசி நின்னுடும். விரல் முட்டியால டைல்ஸை தட்டிப்பாருங்க, டொக்கு டொக்குன்னு காலியா கேட்டா அது வேற கேஸ், கழட்டித்தான் ஆகணும். கழட்டுனீங்கன்னா டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பாகம் கலக்குற பாலிமர் சிமெண்ட் கோட்டிங்கை ஒண்ணு குறுக்கால ஒண்ணு நெடுக்கால ரெண்டு கோட், தரை முழுக்க, சுவத்துல ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல. தரையும் சுவரும் சேர்ற மூலையை நேர் கோணமா விடாம கலவை வச்சு உருட்டி விட சொல்லுங்க. அப்புறம் தண்ணி கட்டி 48 மணி நேரம் நிறுத்தி கீழ் வீட்டு சீலிங்கை பாக்கணும். ஒரு நாள் போதும் சார்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க.

எந்த மாசத்துல செய்யணும்

எனக்கு இதுதான் ரொம்ப உறைச்ச விஷயம். போகிக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது நம்ம பழக்கம். ஆனா மார்கழி நம்ம ஊர்ல என்ன மாசம்? ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாச அடைமழையும் குடிச்சிட்டு சுவர் ஊறிப்போய் நிக்கிற மாசம். 2011-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுனது டிசம்பர் 30, அதாவது மார்கழி நடுவுல. அப்படின்னா நம்ம தாத்தா பாட்டிக்கு இது தெரியாதான்னு யோசிச்சேன், தெரியும், அவங்க அடிச்சது சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈர சுவர்லதான் நல்லா பிடிக்கும், அடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி தெளிப்பாங்க, அது காத்தை விட்டு சுவர்ல இருக்கிற ஈரத்தை வெளிய அனுப்பும். பழக்கம் சரியாத்தான் இருந்துச்சு, நடுவுல டப்பாவுக்குள்ள இருந்தது மாறிப்போச்சு. இப்ப டப்பாவுல வர்ற தண்ணி பெயின்ட் எமல்ஷனை, எண்ணெய் பெயின்ட் எனாமலை மார்கழியில அடிச்சா ரெண்டு மாச மழையை உள்ள வச்சு மூடி போட்ட மாதிரி.

அதனால எமல்ஷன் வேலை எதுவா இருந்தாலும் மாசி கடைசியில சுரண்டி விட்டு, பங்குனி சித்திரை காய விட்டு, கத்திரி வெயில் முடியறதுக்குள்ள அடிச்சிடுங்க. போகிக்கு கட்டாயம் ஏதாவது அடிச்சே ஆகணும்னா சுண்ணாம்பு மட்டும்.

சுரண்டுறது, பூஞ்சை எடுக்கிறது, உப்பு எடுக்கிறது

பழைய பெயின்ட்டை பட்டித்தகடு வச்சு சுரண்டுங்க, நல்லா இருக்கிற மாதிரி தெரியுற இடத்துலயும் கொப்புளத்தை சுத்தி ஒரு அடி தள்ளி வரைக்கும். நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லேர்ந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமல்னா உப்புத்தாளை காஞ்ச சுவர்ல போட்டு தேய்க்காதீங்க, தண்ணி தொட்டு தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைங்களை அந்த பக்கம் விடாதீங்க.

கருப்பா, பச்சையா பூஞ்சை இருந்தா டைல்ஸ் மேல, கிரௌட் மேலன்னா திரவ ப்ளீச், ஒரு லிட்டர் தண்ணிக்கு 60லேர்ந்து 100 மில்லி, பத்து நிமிஷம் விட்டு பிரஷ் போட்டு கழுவுங்க, கதவு திறந்து இருக்கணும். ப்ளீச்சோட டாய்லெட் கழுவுற ஆசிடையோ வினிகரையோ எந்த காரணத்துக்கும் கலக்காதீங்க, ஒண்ணு போட்ட அன்னிக்கு இன்னொண்ணு அந்த இடத்துக்கே வரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல மாட்டுனா ஆஸ்பத்திரிதான். பூச்சு சுவர்ல ப்ளீச் அதிகம் வேண்டாம், ஏன்னா ப்ளீச் தன் வேலையை முடிச்சிட்டு கடைசியில விட்டுட்டு போறது சாப்பாட்டு உப்பு. உப்பை எடுக்க வந்துட்டு நாமளே உப்பு போடக்கூடாது. அங்க வினிகரை துணியில தொட்டு துடைச்சு, ஃபேன் போட்டு காய விட்டா போதும்.

இப்ப உப்பு. மொதல்ல காஞ்ச தேங்கா நார் பிரஷ்ஷாலயே கூட்டி தள்ளுங்க, கீழ பேப்பர் விரிச்சு கொட்டுறதை அள்ளி வெளிய போடுங்க. தண்ணி ஊத்தி கழுவாதீங்க, கழுவுனா உப்பு கரைஞ்சு மறுபடி சுவருக்குள்ளயே போய் உட்காரும். ஆசிட் வாஷ் பண்றேன்னு யாராவது வந்தா கையெடுத்து கும்பிட்டு அனுப்பிடுங்க. டைல்ஸ்காரங்க உபயோகிக்கிற அந்த ஆசிட் சிமெண்ட்டோட, சுண்ணாம்போட சேர்ந்தா கால்சியம் குளோரைடு ஆகும். பீரோவுக்குள்ள வைக்கிற ஈரம் உறிஞ்சுற டப்பா கடையில விக்குதே, அதுக்குள்ள இருக்கிற வெள்ளை குருணை அதேதான். ஈரம் இழுக்கிற மருந்தை சுவருக்கே தடவுன மாதிரி ஆயிடும்.

கூட்டியும் திரும்ப திரும்ப பூத்தா பேப்பர் கூழ் வைத்தியம். அச்சு மை இல்லாத டிஷ்யூ பேப்பரை ஆர்ஓ தண்ணில ஊற வச்சு பிசைஞ்சு இட்லி மாவு பதத்துக்கு கொண்டு வந்து, சுவத்துல அரை இன்ச் கனத்துக்கு அப்பி விடுங்க. பேப்பர் காயும்போது சுவருக்குள்ள இருக்கிற உப்பு தண்ணியை தன் பக்கம் இழுத்துக்கும், நாலஞ்சு நாள்ல தானா உதிர ஆரம்பிக்கும், எடுத்து போட்டுட்டு இன்னொரு தடவை. எங்க பூஜை ரூம் சுவருக்கு மூணு தடவை வச்சேன். மூணாவது தடவை உரிச்ச பேப்பரை ஒரு டம்ளர் தண்ணில ஊற வச்சு குடிக்கிற தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டரை விட்டு பார்த்தேன், மொத தடவை காட்டுனதுல கால்வாசி கூட இல்ல. இந்த மீட்டர் டெஸ்ட் நானா கண்டுபிடிச்சது, சயின்ஸ் ஆளுங்க சிரிக்கலாம், எனக்கு எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சுக்க உதவுச்சு.

பூச்சு

பூச்சே மண்ணா உதிருதுன்னா கறை தெரியுற உயரத்துக்கு மேல ஒன்றரை ரெண்டு அடி வரைக்கும் செங்கல் தெரிய கொத்தி எடுங்க. செங்கல் இடுக்கையும் கொஞ்சம் சுரண்டுங்க. கலவைக்கு தண்ணி எதுன்னு நீங்களே நின்னு பாருங்க, மேஸ்திரி பக்கத்துல இருக்கிற போர்லதான் பிடிப்பாரு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்திய தரவிதி ஐஎஸ் 456 சொல்லுது, கம்பி இல்லாததுக்கு 2000 வரைக்கும். கடற்கரை பக்கத்து போர் தண்ணியை வாயில வச்சாலே தெரியும், பூச்சுக்கு ரெண்டு மூணு குடம் முனிசிபல் தண்ணி பிடிச்சு வைக்கிறதுல என்ன கஷ்டம்.

சாதாரண செங்கல் சுவருக்கு சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6, இந்த கலவை வெறும் சிமெண்ட்டை விட காத்து விடும், விரிசலும் குறைவு. வெறும் சிமெண்ட்தான் ஸ்ட்ராங்குன்னு மேஸ்திரிங்க முறைப்பாங்க, உள் சுவருக்கு அவ்ளோ ஸ்ட்ராங் வேண்டாம். ஒரு வாரம் தண்ணி காட்டி, மொத்தம் 28 நாள் விட்டுட்டுதான் பெயின்ட். புது சிமெண்ட் பூச்சு கடும் காரம், அந்த காரமே பெயின்ட்டை எரிச்சிடும்.

புதுச்சேரில தமிழ்த் தெருவுங்கள்ல, பிரெஞ்சுத் தெருவுங்கள்ல இருக்கிற பழைய வீடுன்னா சட்டமே வேற. அது சுண்ணாம்பு கலவையில கட்டுன மெல்லிசு செங்கல் சுவர், கனமா இருக்கும், தரையிலேர்ந்து ஏறுற ஈரத்தை சுவர் பூராவும் மூச்சு விட்டே காய வச்சுக்கும். அதுமேல கீழ் நாலு அடிக்கு சிமெண்ட் பூசுனா ஓதம் நிக்காது, அஞ்சாவது அடிக்கு ஏறும். சொந்தக்காரங்க வீடு ஒண்ணுல இதை நேரா பாத்தேன், சிமெண்ட் பூசுன இடம் ஜம்முனு இருக்கு, அதுக்கு மேல ஒரு கோடு கிழிச்ச மாதிரி பொரிஞ்சு நிக்குது. அங்க சுண்ணாம்பு 1, மணல் 3, அவ்ளோதான்.

பட்டி, பிரைமர், பெயின்ட்: எந்த ரூமுக்கு எது

ஜிப்சம், பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ரெண்டும் ஈர ரூம்ல வேண்டவே வேண்டாம், தண்ணி பட்டா இளகிடும். பட்டி பாக்கணும்னா ஒயிட் சிமெண்ட் பட்டி, ரெண்டு கோட் மெல்லிசா, அக்ரிலிக் பட்டி பெட்ரூமோட நிக்கட்டும். உண்மையை சொன்னா ஸ்டோர் ரூமுக்கும் பரணுக்கும் பட்டியே தேவையில்ல, யாரு போய் தடவி பாக்க போறாங்க.

பாத்ரூம்ல டைல்ஸ் முடியுற இடத்துக்கும் சீலிங்குக்கும் நடுவுல ஒரு ரெண்டு அடி பட்டை இருக்கும், பெயின்ட் மொதல்ல போறது அங்கதான், நீராவி மேல ஏறி அங்க தங்குது. டைல்ஸோட மேல் விளிம்புல ஒரு சின்ன படி மாதிரி நிக்கும் பாருங்க, தண்ணி அதுல உட்கார்ந்து டைல்ஸ் பின்னாடி இறங்கும், அந்த விளிம்பை மொதல்ல சிலிகான் சீலன்ட்ல மூடுங்க. அப்புறம் காரம் தாங்குற வாட்டர் பேஸ் பிரைமர் ஒரு கோட், பூஞ்சைக்கு மருந்து கலந்த அக்ரிலிக் எமல்ஷன் ரெண்டு கோட், லேசான பளபளப்பு (ஷீன்) இருக்கிறது நல்லது, துடைக்க வரும். சீலிங்கையும் அதே பெயின்ட்ல அடிங்க, சீலிங்குன்னா மட்டம்னு டிஸ்டம்பர் அடிச்சு விட்டுட்டு போயிடுவாங்க, ஆறு மாசத்துல புள்ளி புள்ளியா கருப்பு.

பூஜை ரூம்ல விளக்கு எண்ணெய் புகையும் சேர்ந்துக்கும். விளக்குக்கு பின்னாடி ரெண்டு அடிக்கு ஒரு கிரானைட் துண்டோ டைல்ஸோ பதிச்சிடுங்க, மத்த சுவருக்கு மேட் எமல்ஷன். பளபளன்னு எனாமல் அடிச்சு நான் பட்டது போதும்.

ஸ்டோர் ரூம், படிக்கு கீழ, பரண், இதெல்லாம் சுண்ணாம்புதான், நான் இதுல பிடிவாதம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா வாங்குங்க, ஒரு ராத்திரி தண்ணில ஊற விட்டு பழைய வேட்டியில வடிகட்டி மோர் பதத்துக்கு கரைச்சுக்கோங்க, வெள்ளை எடுப்பா இருக்க நீலம் ஒரு சிட்டிகை. பச்சை சுண்ணாம்புக்கல்லா வாங்குனா தண்ணி பட்டதும் கொதிச்சு தெறிக்கும், கண்ணுக்கு கண்ணாடி போடாம கிட்ட போகாதீங்க. சுவர்ல தண்ணி தெளிச்சிட்டு மெல்லிசா ஒரு கோட், அடுத்த நாள் ஒண்ணு, அதுக்கடுத்த நாள் ஒண்ணு. அடிச்ச உடனே தண்ணி மாதிரி தெரியும், ஏமாந்து கெட்டியா அடிச்சிடாதீங்க, காஞ்சா உதிரும். மூணு எச்சரிக்கை: நல்லா ஒட்டட்டும்னு கல் உப்பு போட சொல்ற குறிப்பு நிறைய சுத்துது, நம்ம ஊர்ல அது தற்கொலை. கஞ்சித்தண்ணி சேர்க்கிறதும் வேண்டாம், பூஞ்சைக்கு விருந்து வச்ச மாதிரி. இன்னொண்ணு, எமல்ஷன் மேல சுண்ணாம்பு பிடிக்காது, பழசை முழுசா சுரண்டியிருக்கணும். சுண்ணாம்போட காரத்துல பூஞ்சை வராது, ஆனா காத்து பட்டு பட்டு அந்த காரம் போயிடும், அதான் வருஷா வருஷம் அடிக்கிறது.

காத்து

பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடின்னா 315 கன அடி காத்து. மணிக்கு எட்டு தடவை அது மாறணும்னு வச்சா மணிக்கு சுமார் 2,500 கன அடி, அதாவது 70 கன மீட்டர், ஆறு இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில போட்டிருக்கிற அளவு பெரும்பாலும் அதைவிட தாராளமாவே இருக்கும். பெரிய ஃபேன் வாங்குறது முக்கியம் இல்ல, உள்ள காத்து வர்ற வழி முக்கியம். கதவுக்கு அடியில முக்கால் இன்ச் இடைவெளி வேணும். ஃபேனை போட்டுட்டு கதவடியில ஒரு டிஷ்யூ பேப்பரை பிடிங்க, உள்பக்கமா இழுத்தா சரி, அசையாம தொங்குனா ஃபேன் சும்மா சுத்துது. குளிச்சு முடிச்சு வைப்பர் போட்டு சுவரையும் தரையையும் வழிச்சு விட்டுட்டு இருபது நிமிஷம் ஓட விடுங்க. கடலுக்கு பக்கம்னா வெளிப்பக்கம் தானா மூடிக்கிற மூடி வச்ச ஃபேனா பாருங்க, பிளாஸ்டிக் பாடி, இரும்பு ரெண்டு வருஷம் கூட தாங்காது.

ஜன்னல் விஷயத்துல நம்ம ஊர் கணக்கு வேற. ஐப்பசி கார்த்திகை ராத்திரியில ஜன்னலை திறந்து வச்சா ஈரம் வெளிய போகாது, உள்ள வரும். மழை விட்ட நாள்ல பதினோரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் திறங்க, சாயங்காலம் மூடிடுங்க. முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டுற குட்டி மீட்டர் கிடைக்குது, ஒண்ணு வாங்கி ஸ்டோர் ரூம்ல ஆணியில மாட்டுங்க. 50 சதவீதம் வச்சுக்கோன்னு எங்கயோ எழுதியிருப்பாங்க, கடலூர்ல அது நடக்காது, 70-க்கு கீழ நின்னா எனக்கு நிம்மதி, ஏன்னா உப்பு ஜாடி கணக்கு 75.

மழைக்காலத்துல ஸ்டோர் ரூம்ல கொடி கட்டி துணி காயப்போடுறவங்க கவனிங்க, மிஷின்ல அஞ்சு கிலோ துணி போட்டு பிழிஞ்சு எடுத்தாலும் அதுல ரெண்டு லிட்டருக்கு மேல தண்ணி இருக்கும், அவ்ளோவும் அந்த சின்ன ரூம் சுவருக்குத்தான் போகும்.

ஏசி ரூமை ஒட்டுன அலமாரி தனி தலைவலி. வெளிய 30 டிகிரி, ஈரப்பதம் 80-ன்னா, 26 டிகிரிக்கு குளிர்ந்த எந்த சுவர்லயும் அந்த காத்து வேர்க்க ஆரம்பிச்சிடும். பெட்ரூம்ல ராத்திரி பூராவும் ஏசியை 20-ல வச்சா, சுவருக்கு அந்தப்பக்கம் காத்து போகாத அலமாரியில இருக்கிற பட்டுப்புடவைக்கு பூஞ்சை வருது. ஏசியை 26-க்கு ஏத்துங்க, அலமாரி கதவுல மேலயும் கீழயும் துளை போடுங்க, சாமானை பின் சுவர்லேர்ந்து ரெண்டு இன்ச் தள்ளி வைங்க, தட்டுல நியூஸ்பேப்பர் விரிக்காதீங்க, அது ஈரத்தை பிடிச்சு வச்சுக்கும். ஈரம் உறிஞ்சுற டப்பா வைக்கலாம், ஆனா அடியில சேர்ற தண்ணி கடும் உப்புக்கரைசல், கவுந்தா சுவரும் போச்சு தட்டும் போச்சு, ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள்ள வைங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை ஆவணியில, மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்: சன்ஷேடு மேல குப்பையை தள்ளணும், டைல்ஸ் விளிம்பு சிலிகான் வாய் பிளந்திருக்கான்னு நகத்தால கீறி பாக்கணும், எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில ஒட்டுன தூசியை துடைக்கணும், ஸ்டோர் ரூம் சாமானை முன்னாடி இழுத்து பின் சுவரை டார்ச் அடிச்சு பாக்கணும், வெள்ளையா ஒரு பொட்டு தெரிஞ்சாலும் அப்பவே நார் பிரஷ். எங்க ஸ்டோர் ரூம் கார்த்திகையை சுண்ணாம்போட தாண்டிடுச்சு, கீழ் மூலையில மட்டும் கையகலத்துக்கு பூக்குது, அந்த இடத்துக்கு வர்ற பங்குனியில இன்னொரு பேப்பர் கூழ் வைக்கணும்.